கட்டில் எந்தப் பக்கம் பார்க்கிறது?

மருந்தும் மருத்துவரும் இருந்தால் போதுமா? ஜன்னல், காற்று, வெளிச்சம், துணைக்கு வந்தவர் உட்கார ஓர் இடம் ஆகியவையும் சிகிச்சையில் சேர்ந்தவைதான். மருத்துவமனைக் கட்டடம் நோயாளியை எப்படித் தேற்றுகிறது, எப்படி வாட்டுகிறது?

ஸ்ட்ரெச்சர் நகரத் தொடங்கியதும் முகங்கள் விலகிவிடுகின்றன. மல்லாந்து படுத்திருப்பவருக்குத் தெரிவது மேற்கூரை மட்டும். ஒரு ட்யூப்லைட், கொஞ்சம் இருட்டு, மறுபடி ஒரு ட்யூப்லைட். கண் கூசுகிறது, மூடிக்கொண்டால் பயம் கூடுகிறது. நீர் கசிந்து கறுத்த திட்டு ஒன்று தலைக்கு மேல் கடந்து போகிறது. தரையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் தையலில் வந்து இடிக்கிறது. லிஃப்ட் வரத் தாமதமாகிறது. நடைபாதையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். ட்ரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே ஓடிவந்த மகளை வார்டு வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது.

இதைப் பார்க்காத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்காது. இங்கே மருத்துவர்மீது குறையில்லை, மருந்திலும் குறையில்லை. குறை கட்டடத்தில் இருக்கிறது. நடமாடுகிறவர்கள் நடமாடுகிறவர்களை மனதில் வைத்து வரைந்த கட்டடம் அது. படுத்திருப்பவரின் கண்ணால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

இதைப் பேச வேண்டிய நேரம் இது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் திறக்கப்பட்டன. 2023 ஜூனில் சென்னை கிண்டியில் 1,000 படுக்கைகள் கொண்ட பன்னோக்கு மருத்துவமனை திறக்கப்பட்டது. மாவட்டந்தோறும் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. படுக்கைகளின் எண்ணிக்கையைச் சொல்லி மகிழ்கிறோம். அந்தப் படுக்கையில் கிடப்பவருக்கு என்ன தெரியும், என்ன கேட்கும், அவர் எந்தக் காற்றைச் சுவாசிப்பார் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

படுத்திருப்பவரின் கண்

பின்லாந்தின் தென்மேற்கில் பைமியோ என்ற சிற்றூர். அங்கே காசநோய் சானட்டோரியம் கட்ட நடந்த போட்டியில் 1929-ல் வென்றவர் அல்வார் ஆல்ட்டோ. அவரும் அவர் மனைவி அய்னோ ஆல்ட்டோவும் உருவாக்கிய அந்தக் கட்டடம் 1933-ல் எழுந்து நின்றது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். மாதக்கணக்கில் படுத்திருப்பதும் நல்ல காற்றும் வெயிலும்தான் சிகிச்சை.

அறையில் நாள் முழுக்கப் படுத்திருப்பவருக்கு எது முக்கியம் என்று ஆல்ட்டோ யோசித்தார். அவர் பார்ப்பது மேற்கூரையை. எனவே கண்ணுக்கு இதமாக அதற்குக் கரும்பச்சை பூசினார். விளக்கு, படுத்திருப்பவரின் பார்வையில் நேராக விழாத இடத்துக்குப் போனது. ஓர் அறையில் இருவர். ஒருவர் கை கழுவும் சத்தத்தில் மற்றவர் விழித்துக்கொள்ளக் கூடாது. அதனால் தண்ணீர் சத்தமின்றி விழும்படி வாஷ்பேசினின் சரிவை அமைத்தார். மருத்துவரின் கோட்டுக் கை மாட்டிக்கொள்ளாதபடி கதவின் கைப்பிடி வளைந்தது. சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சு விட எளிதாக இருக்கும் கோணத்தில், வளைத்த மரத்தில் ஒரு நாற்காலி செய்தார். பைமியோ நாற்காலி என்று இன்றும் அது விற்பனையில் இருக்கிறது.

பைமியோவில் வியக்கவைப்பது அலங்காரம் அல்ல. பச்சை வண்ணமும் வெள்ளை வண்ணமும் ஏறக்குறைய ஒரே விலைதான். விளக்கை இரண்டடி தள்ளி வைக்கத் தனியாக நிதி வேண்டாம். அங்கே நடந்தது ஒன்றுதான்: வரைபடம் போடும்போதே நோயாளி அறைக்குள் வந்துவிட்டார்.

மரம் தெரிந்த 23 பேர், சுவர் தெரிந்த 23 பேர்

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, நோய் குணமாவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் சொன்னவர் ரோஜர் உல்ரிச்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு புறநகர் மருத்துவமனை. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களைச் சேர்க்கும் ஒரே மாதிரி அறைகள். சில அறைகளின் ஜன்னலில் மரங்கள் தெரியும். சிலவற்றில் பழுப்பு நிறச் செங்கல் சுவர். 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளை எடுத்து, வயது, பாலினம், புகைப்பழக்கம் போன்றவற்றில் ஒத்தவர்களை 23 ஜோடிகளாக்கி ஒப்பிட்டார் உல்ரிச். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக 8.70 நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். மரத்தைப் பார்த்தவர்கள் 7.96 நாள். மரத்தைப் பார்த்தவர்களுக்கு வீரியமான வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. அவர்கள் மனம் தளர்ந்திருப்பதாக நர்ஸ்கள் எழுதிய குறிப்புகளும் குறைவு. 1984-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான இந்தச் சிறிய கட்டுரை, மருத்துவமனைக் கட்டடங்களைப் பற்றிய பேச்சையே திருப்பிப் போட்டது.

46 பேரின் பதிவேடு பெரிய ஆதாரமில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் வந்த பல ஆய்வுகள் அதே திசையைத்தான் காட்டின. அவற்றில் மிக உறுதியாக நிற்பது வெளிச்சம்.

1956-ல் இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் வார்டு என்ற நர்ஸ், குறைப்பிரசவக் குழந்தைகளை வெளியே முற்றத்து வெயிலுக்கு எடுத்துச் செல்வார். வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் நிறம் வெளுத்திருப்பதை அவர்தான் முதலில் கவனித்து மருத்துவர்களிடம் காட்டினார். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு இன்று உலகெங்கும் தரும் நீல ஒளிச் சிகிச்சை அந்த முற்றத்திலிருந்து வந்தது.

┌ பெட்டிச் செய்தி ┐
வெளிச்சத்தின் கணக்கு

• ஜன்னல் இல்லாத தீவிர சிகிச்சைப் பிரிவில், அறுவை சிகிச்சைக்குப் பின் மனக்குழப்பத்துக்கு ஆளானவர்கள் 40 சதவீதம். ஜன்னல் உள்ள பிரிவில் 18 சதவீதம் (அமெரிக்கா, 1972).

• மன அழுத்த நோய்க்காகச் சேர்ந்தவர்கள் வெயில் வரும் அறைகளில் 16.9 நாள் இருந்தார்கள். மங்கலான அறைகளில் 19.5 நாள் (எட்மன்டன், கனடா, 1996).

• இருதுருவ மனநோயாளிகளில், காலை வெயில் வரும் கிழக்கு அறையில் இருந்தவர்கள் 3.67 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள் (மிலான், இத்தாலி, 2001).

• முதுகெலும்பு அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், வெளிச்சமான பக்கத்தில் இருந்தவர்களுக்கு, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், 22 சதவீதம் குறைவான வலி மருந்து போதுமானதாக இருந்தது (பிட்ஸ்பர்க், அமெரிக்கா, 2005).
└──────────┘

பகலும் இரவும் தெரியாத அறையில் உடம்பு தூக்கத்தைத் தொலைக்கிறது. முதியவர்களுக்கு இடம், நேரம், ஆள் அடையாளம் எல்லாம் குழம்புகின்றன. ஐ.சி.யு.வில் இருந்து வந்த பெரியவர் “சம்பந்தமில்லாமல் பேசுகிறார்” என்று வீட்டார் பதறுவார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஜன்னல் இல்லாமையும் அவற்றில் ஒன்று. ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினால் அந்த நோயாளிக்கு நிம்மதி, குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி மிச்சம், மருத்துவமனைக்கு ஒரு படுக்கை மிச்சம்.

காற்று கொன்ற வார்டு, காற்று காத்த வார்டு

வெளிச்சம் இல்லாவிட்டால் குணமாவது தள்ளிப்போகும். காற்று இல்லாவிட்டால் உயிரே போகும். கிரிமியப் போரில் காயமடைந்த வீரர்கள், குண்டடியைவிட மருத்துவமனைக்குள் வந்த தொற்றில்தான் அதிகம் செத்தார்கள் என்பதைப் பார்த்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். மருத்துவமனையின் முதல் கடமை நோயாளிக்குக் கெடுதல் செய்யாதிருப்பது என்று 1859-ல் எழுதினார். நீளமான வார்டு, இரண்டு பக்கமும் உயரமான ஜன்னல்கள், எதிரும் புதிருமாகக் காற்று என்று அவர் பரிந்துரைத்த அமைப்பு, பிரிட்டிஷ் ஆட்சி இருந்த இடமெல்லாம் பரவியது. நம் ஊர்களின் பழைய பெரியாஸ்பத்திரிகளில் உயர்ந்த கூரையும் நீள வராந்தாவும் இருப்பது இந்தச் சிந்தனையால்தான்.

அதை மறந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெர்ரி காட்டியது. குவாசூலு-நட்டால் மாகாணத்தின் இந்தக் கிராமப்புற மருத்துவமனையில் 2005-2006 காலகட்டத்தில், கிட்டத்தட்ட எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் 53 பேருக்கு இருப்பது தெரிந்தது. 52 பேர் இறந்துபோனார்கள். சளி மாதிரி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாள்கூடத் தாண்டவில்லை. பரிசோதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் அண்மையில் மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்கள். வேறு நோய்க்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில், பக்கத்துக் கட்டிலின் இருமல் அவர்களைத் தொற்றியிருக்கிறது.

இந்தச் சாவுகள் சில இளம் கட்டடக் கலைஞர்களை உலுக்கின. மைக்கேல் மர்ஃபியும் நண்பர்களும் தொடங்கிய மாஸ் டிசைன் குழு, ருவாண்டாவின் புட்டாரோ மலையில் 2011-ல் ஒரு மருத்துவமனையைக் கட்டி முடித்தது. அங்கே கட்டடத்துக்குள் நடைபாதையே கிடையாது. நடைபாதைகளும் காத்திருக்கும் இடங்களும் திறந்த வெளியில், கூரைக்குக் கீழே இருக்கின்றன. இருமுகிறவர்கள் மூடிய இடத்தில் குவிவதில்லை. வார்டின் நடுவே ஒரு தாழ்ந்த சுவர் எழுப்பி, கட்டில்களின் தலைமாட்டை அதில் சேர்த்தார்கள். எனவே ஒவ்வொருவர் முகமும் ஜன்னலையும் அப்பால் இருக்கும் மலையையும் பார்க்கிறது. உயரமான ஜன்னல்களும் பெரிய மின்விசிறிகளும் காற்றை மேலே இழுத்து வெளியே தள்ளுகின்றன. கூரையோரத்துப் புற ஊதா விளக்குகள் கிருமியைக் கொல்கின்றன. சுவருக்கு அந்த மலையின் எரிமலைக் கல். வேலை செய்தவர்கள் அந்த வட்டாரத்து மக்கள், ஏறத்தாழ 4,000 பேர்.

பழைய கட்டடமே பாதுகாப்பு என்பதற்குப் பெரு நாட்டில் கணக்கு கிடைத்தது. தலைநகர் லிமாவின் எட்டு மருத்துவமனைகளில் எழுபது அறைகளின் காற்றோட்டத்தை அளந்தார்கள். 2007-ல் வெளிவந்த அந்த ஆய்வின் கணிப்பு இது: சிகிச்சை பெறாத காசநோயாளிகளுடன் ஒரு நாள் இருந்தால், இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் 39 சதவீதம் பேருக்குத் தொற்று வரும். ஜன்னல் திறந்த நவீன அறைகளில் 33 சதவீதம். 1950-க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள அறைகளில் 11 சதவீதம் மட்டுமே.

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இந்த நாட்டில் பழைய வராந்தாவைத் தடுப்பு வைத்து அடைத்து அறையாக்குவதும், ஜன்னலை ஆணியடித்து மூடி ஸ்பிளிட் ஏ.சி. மாட்டுவதும் முன்னேற்றம் என்று நினைக்கிறோம். ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஓ.பி. காத்திருப்பு அறையில் இருமுகிறவருக்கும் கைக்குழந்தையோடு வந்தவளுக்கும் அங்கே ஒரே காற்று.

தாம்பரமும் சென்னை ஆய்வும் சொன்ன பாடம்

கட்டடத்தைப் பெருமைப்படுத்திப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அந்த எச்சரிக்கை சென்னையில் இருந்தே வந்தது.

இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் சானட்டோரியம் நடத்தியவர் டாக்டர் சௌரிமுத்து. கணிதமேதை ராமானுஜன் 1917-ல் நோயுற்றபோது அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறார். அதே சௌரிமுத்துதான் 1928-ல் தாம்பரத்தில் சானட்டோரியம் தொடங்கினார். ரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்ட அந்த இடம், மரங்களும் திறந்த வெளியும் சூழக் காசநோயாளிகளுக்குப் புகலிடமானது. 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பிறகு எச்.ஐ.வி. நோயாளிகளை ஊரே ஒதுக்கிய நாட்களில் அந்த மருத்துவமனை அவர்களையும் சேர்த்துக்கொண்டது.

1950-களில் காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டன. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஒரு துணிச்சலான கேள்வியைக் கேட்டது. சானட்டோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் மருந்து எடுப்பவருக்கும், நெரிசலான வீட்டில் இருந்தபடி அதே மருந்தை எடுப்பவருக்கும் என்ன வேறுபாடு? 1959-ல் வந்த பதில் உலகை மாற்றியது. ஒழுங்காக மருந்து எடுத்தால் வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது. வீட்டிலிருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. உலகெங்கும் சானட்டோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

எனவே, மரமும் மலைக்காற்றும் மருந்துக்கு மாற்று என்று யாரும் சொல்லக் கூடாது. நல்ல கட்டடம் மருந்து வேலை செய்ய வழிவிடும். கெட்ட கட்டடம் குறுக்கே நிற்கும். வலியைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், புதுத் தொற்றைத் தரும். சில நேரங்களில், மருந்து வாங்க வர வேண்டியவரை வாசலுக்கே வரவிடாது.

மருத்துவமனையைக் கண்டு பயந்தவர்கள்

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் நடந்தது அதுதான். 1986-ல் அங்கே பணியைத் தொடங்கிய மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் இருவரும், கோண்டு பழங்குடியினர் ஏன் மருத்துவமனைக்கு வருவதில்லை என்று அவர்களிடமே கேட்டார்கள். பெரிய கட்டடம் பயமுறுத்துகிறது என்றார்கள். வெள்ளை உடுப்பு போட்டவர்களைக் கண்டால் நடுக்கம். இறந்தவர்களைத்தானே வெள்ளைத் துணியால் போர்த்துகிறோம் என்றார்கள். உறவினரை உள்ளே விடுவதில்லை, தனியாக எப்படிக் கிடப்பது? அங்கே கும்பிட ஒரு தெய்வமும் இல்லையே?

பங் தம்பதியர் இதை அறியாமை என்று தள்ளவில்லை. கட்டடத்துக்கான கோரிக்கைப் பட்டியலாக எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஷோத்கிராம் என்ற இடத்தில் அவர்கள் அமைத்த மருத்துவமனை ஒரு பழங்குடிக் கிராமம் போலவே இருக்கிறது. நோயாளியும் குடும்பமும் சேர்ந்து தங்கக் குடில்கள் இருக்கின்றன. அந்தப் பழங்குடியினர் கும்பிடும் தந்தேஸ்வரி தாயின் பெயர் அந்த மருத்துவமனைக்கு. அவளுக்கு அங்கே கோயிலும் உண்டு. வராதவர்கள் வந்தார்கள்.

┌ பெட்டிச் செய்தி ┐
ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆஸ்பத்திரிகள்

காஞ்சிபுரம் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அங்கே கோயிலோடு சேர்ந்து இயங்கிய வீரசோழன் ஆதுலசாலையில் 15 படுக்கைகள். மருத்துவர், அறுவை மருத்துவர், பணிப்பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் எனப் பட்டியலே உண்டு.

இலங்கையின் மிகிந்தலையில் 9-ஆம் நூற்றாண்டு மருத்துவமனையின் இடிபாடு இன்றும் நிற்கிறது. நடுவில் திறந்த முற்றம், முற்றத்தின் நடுவில் புத்தர் சிலை வைத்த சிறு கோயில், சுற்றிலும் முற்றத்தைப் பார்த்த சிற்றறைகள். நோயாளியை மூலிகைச் சாற்றில் கிடத்த, ஆள் வடிவில் குடைந்த கல்தொட்டியும் அங்கே இருக்கிறது.
└──────────┘

துணைக்கு வந்தவருக்கு எங்கே இடம்?

நம் நாட்டில் நோயாளி தனி ஆளாக மருத்துவமனையில் சேர்வதில்லை. கூடவே ஒரு மனைவியோ மகனோ அக்காவோ வருகிறார்கள். மருந்து வாங்கி வருவது, சோறூட்டுவது, கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துப் போவது, நள்ளிரவில் நர்ஸைக் கூப்பிடுவது எல்லாம் அவர்கள்தான். சம்பளமில்லாத அந்தப் பணியாளர்களுக்கு வரைபடத்தில் இடமில்லை. அதனால்தான் படிக்கட்டின் கீழும், வராந்தாவிலும், சைக்கிள் ஸ்டாண்டிலும் பாயை விரிக்கிறார்கள். குளிக்க இடமின்றி நாட்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் சோர்ந்தால் நோயாளியின் கவனிப்பும் சோர்கிறது.

குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக்கி வழிகாட்டிய இடம் வேலூர். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் தொடங்கியபோதே, நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவதை நடைமுறையாக்கினார்கள். அதற்கேற்ற தங்குமிடங்கள் அமைந்தன. அதே பத்தாண்டில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு நோயாளிகளின் குடும்பங்களைத் தங்கவைத்தார். பூட்டி வைத்துப் பார்க்கும் நோய் இது என்ற எண்ணத்தை இந்த இரண்டு இடங்களும் உடைத்தன.

பிரசவ அறையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வலியெடுத்த நேரத்தில் தொடர்ந்து ஒருவர் கூட இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சுருங்குகிறது. 15 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் காக்ரேன் அமைப்பு சொன்ன முடிவு இது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஒரே கூடத்தில் திரையில்லாமல் நான்கைந்து பிரசவ மேசைகள் இருந்தால், ஒருத்தியின் துணையை உள்ளே விடும்போது மற்றவர்களின் மறைவு போய்விடும். எனவே யாரையும் விடுவதில்லை. அரசாணை அனுமதித்ததைக் கட்டடம் தடுக்கிறது. ஒரு தடுப்பு, ஒரு திரை, ஒரு ஸ்டூல் இருந்தால் தீரும் பிரச்சினை இது. 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘லக்‌ஷ்யா’ திட்டம் பிரசவ அறைகளில் இந்த மறைவை வலியுறுத்துகிறது. அதை ஒவ்வொரு தாலுகா மருத்துவமனைக்கும் கொண்டுசேர்க்க வேண்டும்.

சத்தமும் ஓட்டமும்

இரவில் வார்டுக்குள் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-ல் தந்த வழிகாட்டுதல். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2005-ல் பழைய அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். எந்த மருத்துவமனையும் அந்த அளவுக்குள் இல்லை. பகல் நேரச் சத்தம் 1960-ல் 57 டெசிபல், 2005-ல் 72. மானிட்டரின் அலாரம், டிராலியின் சக்கரம், இரும்புக் கதவு, கைபேசி என்று எல்லாம் வழவழப்பான டைல்ஸ் சுவரில் பட்டுத் திரும்புகின்றன. தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும், வலி கூடும், புண் ஆறத் தாமதமாகும். டிராலிக்கு ரப்பர் சக்கரம், கதவுக்கு மெதுவாகச் சாத்தும் அமைப்பு, சத்தத்தை உள்வாங்கும் மேற்கூரை ஆகியவையே பெரும்பகுதியைக் குறைத்துவிடும்.

நர்ஸ்களையும் மறக்கக் கூடாது. நீண்ட வார்டின் ஒரு மூலையில் அவர்கள் மேசை, மறுமூலையில் மருந்து அலமாரி, வேறொரு தளத்தில் கழிவறை என்றால் அவர்களுடைய நேரம் நடையிலேயே கரைகிறது. மேசையிலிருந்து எல்லாக் கட்டிலும் தெரிந்தால், மூச்சுத் திணறும் ஒருவரை உடனே கவனிக்க முடியும். கை கழுவும் குழாய் கட்டிலருகே இருந்தால்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் கை கழுவுவது நடக்கும்.

இட அமைப்பு எவ்வளவு செய்யும் என்பதற்கு மதுரையே சாட்சி. டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவை அரங்கில் மேசைகள் அருகருகே இருக்கும். ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராகிவிடுவார். மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு தொடர்வார். லட்சக்கணக்கான ஏழைகளுக்குப் பார்வை திரும்பியதில் அந்த மேசை அமைப்புக்கும் பங்கு உண்டு.

அழுவதற்கு ஓர் இடம்

1993-ல் எடின்பரோவில் மேகி கெஸ்விக் ஜெங்க்ஸ் என்ற பெண்மணிக்கு மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது, இனி சில மாதங்கள்தான் என்று மருத்துவர் சொன்னார். சொன்ன கையோடு, வெளியே பலர் காத்திருக்கிறார்கள், நடைபாதைக்குப் போய் உட்காருங்கள் என்றார்கள். வாழ்க்கையின் மிகக் கொடிய செய்தியை அவரும் அவர் கணவரும் ஜன்னலற்ற நடைபாதையில் உட்கார்ந்து விழுங்கினார்கள். எஞ்சிய காலத்தில் மேகி, புற்றுநோயாளிகளுக்கான ஒரு சிறிய இல்லத்தைத் திட்டமிட்டார். 1995-ல் அவர் மறைந்தார். 1996-ல் எடின்பரோ மருத்துவமனை வளாகத்தின் பழைய குதிரை லாயத்தில் முதல் மேகி மையம் திறந்தது.

பின்னர் பல ஊர்களில் வந்த மேகி மையங்களை ஃபிராங்க் கேரி, சாஹா ஹதித் போன்ற பெரும் கலைஞர்கள் வரைந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. வரவேற்பு மேசை கிடையாது. நடுவில் சமையலறையும் பெரிய மேசையும். யார் வேண்டுமானாலும் தேநீர் போட்டுக் குடிக்கலாம். கழிப்பறை கூட, ஒருவர் உள்ளே தனியாக அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வரும் அளவுக்கு விசாலமாகவும் மறைவாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்களின் விதி.

நம் மருத்துவமனைகளில் சாவுச் செய்தி பெரும்பாலும் நடைபாதையில் நின்றபடிதான் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் கதவுள்ள ஒரு சிறிய அறை, நான்கு நாற்காலி, ஒரு குடம் தண்ணீர் வைத்தால் அந்த நேரத்தின் கொடுமை கொஞ்சமாவது குறையும்.

பூட்டிய கட்டடங்கள்

அலட்சியத்தின் கடைசி விலையை இந்தியா அறியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகையில் நடந்த மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் கருகினார்கள். 2011 டிசம்பர் 9 அதிகாலை, கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை, மையக் குளிர்சாதனக் குழாய்கள் வழியே மேல்தளங்களுக்கு ஏறியது. முகப்பு முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மூச்சடைத்து.

ஒன்று ஏழ்மையின் கொட்டகை, மற்றொன்று பளபளப்பான கண்ணாடி மாளிகை. உள்ளே இருப்பவர் எழுந்து ஓட முடியாதவர் என்பதை இரண்டுமே கணக்கில் எடுக்கவில்லை. கண்ணாடி முகப்பை நவீனத்தின் அடையாளமாக நினைக்கும் நம் ஊர் நகரங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கோடை வெயிலில் கண்ணாடி சூட்டை உள்ளே சேர்க்கும், மின்கட்டணத்தை ஏற்றும், மின்சாரம் போனால் வார்டு வெந்துவிடும்.

செலவு பெரிதா?

சிங்கப்பூரின் யீஷூனில் 2010-ல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனை, தோட்டத்துக்குள் மருத்துவமனை என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. வீசும் காற்றை உள்ளே திருப்பிவிடும் தகடுகளைச் சுவரில் பொருத்தி, அரசு மானியம் பெறும் சாதாரண வார்டுகளுக்கு இயற்கைக் காற்றைக் கொண்டுவந்தார்கள். மாடியில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் காய்கறி பயிரிடுகிறார்கள். நம்மைப் போலவே வெப்பமும் புழுக்கமும் உள்ள ஊரில் இது நடக்கிறது.

அவ்வளவு பணம் இல்லையே என்றால், புட்டாரோவும் கட்சிரோலியும் இருக்கின்றன. தர்மபுரி மாவட்டம் சித்திலிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதியர் 1993-ல் ஒரு குடிசையில்தான் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். பணத்துக்கு முன்பு வர வேண்டியது அக்கறை. அரசு மருத்துவமனைகளைக் கட்டும் பொதுப்பணித் துறை, வரைபடம் போடும் முன்பு வார்டு நர்ஸ்களையும், நோயாளிகளையும், துணைக்கு வருபவர்களையும் உட்காரவைத்துக் கேட்பதைக் கட்டாய விதியாக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் போதும். பழைய கட்டடங்களை இடிக்கும் முன்பு அவற்றின் ஜன்னலும் வராந்தாவும் செய்துவந்த வேலையைப் புதுக் கட்டடமும் செய்யுமா என்று பார்க்க வேண்டும்.

┌ பெட்டிச் செய்தி ┐
உங்கள் ஊர் மருத்துவமனையில் பாருங்கள்

1. கட்டிலில் படுத்தபடி வானமோ மரமோ தெரிகிறதா? மேலே இருக்கும் விளக்கு கண்ணைக் குத்துகிறதா?
2. எதிரெதிர் ஜன்னல்கள் திறக்கின்றனவா, மூடிக் கிடக்கின்றனவா?
3. இருமல் உள்ளவர்கள் காத்திருக்கத் தனியாகத் திறந்த இடம் உண்டா?
4. கட்டிலிலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம்? பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா?
5. துணைக்கு வந்தவர் உட்கார நாற்காலி, படுக்க இடம், குளிக்க வசதி உண்டா?
6. பிரசவ அறையில் ஒவ்வொரு மேசைக்கும் திரை இருக்கிறதா?
7. அவசர வழி பூட்டாமல் இருக்கிறதா? ஸ்ட்ரெச்சர் அதில் இறங்குமா?
└──────────┘

இந்தக் கேள்விகளைக் கேட்க இடமும் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கங்கள் உள்ளன. கிராம சபையில் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றித் தீர்மானம் கொண்டுவரலாம். தொகுதி மேம்பாட்டு நிதியில் காத்திருப்புக் கூடத்துக்கும் துணைவர் தங்குமிடத்துக்கும் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்கலாம்.

அடுத்த முறை உங்கள் ஊருக்குப் புது மருத்துவமனைக் கட்டடம் வருகிறது என்று அறிவிப்பு வந்தால், எத்தனை மாடி, எத்தனை கோடி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கட்டில் எந்தப் பக்கம் பார்க்கிறது, காற்று எந்த வழியாக வருகிறது, கூட வருபவர் எங்கே உட்காருவார் என்று கேளுங்கள். காகிதத்தில் இருக்கும்போது கோட்டை மாற்றலாம். கட்டி முடித்த பிறகு அந்தக் குறையை ஐம்பது ஆண்டுகள் நோயாளிகள்தான் சுமக்க வேண்டும்.